நூறு சதவீதத்தோடு மலை இறங்கினோம்

மின்சாரக் கார் வாங்கியவனுக்கு முதலில் பிடிக்கிற நோய் கணக்குப் பார்ப்பது. கண் பாதி ரோட்டில் இருக்கும், பாதி திரையில் இருக்கும். ஒரு யூனிட் கரண்டுக்கு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று திரையின் ஓரத்தில் ஒரு எண் காட்டும். அது ஏறினால் எனக்குப் பசிக்காது. இறங்கினால் யாரோ என் சட்டைப் பையில் கை விட்ட மாதிரி இருக்கும்.

இதை ஆர்வம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அடியில் இருந்தது பயம். நடுரோட்டில் சார்ஜ் தீர்ந்து நின்றுவிட்டால்? பெட்ரோல் வண்டி என்றால் யாராவது ஒரு பாட்டிலில் வாங்கி வந்து ஊற்றிவிடுவார்கள். இதற்கு எதை ஊற்றுவது? அதுவும் திருவண்ணாமலையில் நின்றால் நிம்மதியாக நிற்கவும் விடமாட்டார்கள். ஒருமுறை தேரடி வீதியில் பழம் வாங்க ஓரமாக நிறுத்தினேன். அதற்கே ஒரு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா சார், பொம்மைக் காருக்கு சாவி தீந்துடுச்சா? பின்னாடி முறுக்கி விடட்டா?" என்றார். பழக்காரம்மா சிரித்த சிரிப்பில் ஒரு கொய்யா உருண்டு கீழே விழுந்தது.

அந்தப் பயத்தில்தான் சிக்கனமாக ஓட்டக் கற்றுக்கொண்டேன். டயரில் காற்று ஒரு பொட்டு குறைய விடமாட்டேன். செங்கம் ரோட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் நிதானமாகப் போவேன், முந்த மாட்டேன். ஏசி போடமாட்டேன். அம்மா பின் சீட்டில் முந்தானையால் விசிறிக்கொண்டு கத்துவாள்.

"டேய், ஏசியப் போடுடா. வேர்த்து ஊத்துது."

"ஜன்னலத் திறந்துக்கோமா. ஏசி போட்டா மைலேஜ் கம்மியாயிடும்."

"மைலேஜ் கம்மியானா இன்னா, எனக்கு பிரஷர் ஜாஸ்தியாவுது பாரு!"

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த வித்தை ஒன்று உண்டு. இந்த வண்டியில் பிரேக்கே மிதிக்க வேண்டாம். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும். மோட்டார் அப்படியே டைனமோவாக மாறி, சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். அந்த இழுப்பில் வண்டியும் மெதுவாகும், அதில் உண்டாகிற கரண்ட் பேட்டரிக்கும் திரும்பிப் போகும். திரையில் ஒரு பச்சைக் கோடு நீளும். மாட வீதியில் மாடு குறுக்கே வரும், பூமாலைக் கூடையோடு ஆள் குறுக்கே வருவார், ஆசிரமத்துப் பக்கம் போனால் வாடகை ஸ்கூட்டரில் ஒரு வெள்ளைக்காரம்மா எந்தப் பக்கம் திரும்புவது என்று நடுரோட்டில் நின்று யோசிப்பார். எல்லாவற்றுக்கும் நான் காலைத் தூக்கினால் போதும். ஒவ்வொரு தடவையும் ஒரு சொட்டு கரண்ட் திரும்பி வரும். சர்வீஸுக்கு விட்டபோது பிரேக் பேட் புதுசு மாதிரியே இருக்கிறது என்றார்கள். அதை மெடல் வாங்கியவன் மாதிரி வீட்டில் வந்து சொன்னேன்.

இந்தப் பெருமையோடுதான் அக்காவை அழைத்து வரும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன்.

அக்காவைக் கொடுத்திருப்பது ஜவ்வாது மலைமேல், ஜமுனாமரத்தூரில். மாமா அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அக்காவுக்கு அப்போது ஒன்பதாம் மாதம். இதற்கு முன்னால் ஒன்று தரித்து, மூன்றாம் மாதத்திலேயே கலைந்திருந்தது. அதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகத் தும்முவது கூட இல்லை. டாக்டரம்மா இந்தத் தடவை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்: வெயிட் தூக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது, குலுங்கக் கூடாது. மலையில் வளைகாப்பு, பிரசவம் எங்கள் வீட்டில். நடுவில் அந்த மலைப்பாதை. அப்பா வேன் பேசலாம் என்றார்.

"வேன் குலுங்கும்பா. என் வண்டியில இஞ்சின் அதிர்வே கிடையாது. டம்ளர்ல தண்ணி வச்சா கூட தளும்பாது. நான் கூட்டிட்டு வரேன்," என்றேன்.

வளைகாப்புக்கு முந்தின நாள் நானும் அம்மாவும் போளூர் வழியாக மலை ஏறினோம். ஏற்றம் கரண்டைக் குடித்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் சார்ஜ் சரசரவென்று இறங்கியது. அம்மா திரையைப் பார்த்துப் பார்த்து, "ஊரு வந்து சேருமாடா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"வந்துடும்மா. இப்ப செலவு பண்றோம். இறங்கறப்ப மலையே நமக்கு சார்ஜ் போட்டுக் கொடுத்துடும்."

"மலை போடுதாம்! ரொம்ப அழகா பேசறே."

மாமா வீட்டு வாசலில் நின்றபோது பாதிக்கும் கீழே இருந்தது. தண்ணீர் மோட்டாருக்கான பிளக்கில் சார்ஜரை மாட்டினோம். அங்கே வோல்ட்டேஜ் கம்மி, மெதுவாக ஏறியது. மறுநாள் விழா வேலையில் எனக்கு வண்டி ஞாபகமே வரக்கூடாது என்று மாமாவிடம் ஒப்படைத்தேன்: "மாமா, எண்பது சதவீதம் வந்ததும் பிடுங்கிடுங்க. அதுக்கு மேல போட்டா பேட்டரி ஆயுசு குறையும். என் வண்டியில தானா நிக்கிற வசதி இல்ல."

"நீ போய் பந்தியப் பாரு மச்சான், நான் பாத்துக்கறேன்," என்றார்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. அக்காவின் இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்புமாக. அவள் இலையில் கை வைத்தாலே கூடம் முழுக்கக் கேட்டது. சாப்பாடு முடிந்ததும் சொந்தக்காரர்கள் வந்த வேன் கிளம்பியது, அப்பாவும் அதிலேயே ஊர் திரும்பிவிட்டார். நாங்கள் மட்டும் ராகுகாலம் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். மாமாவுக்குப் பரீட்சை வேலை. வார முடிவில் வருவதாகச் சொன்னார்.

வண்டியை எடுக்கும்போது பார்த்தேன். நூறு சதவீதம்.

"மாமா, எண்பதுன்னு சொன்னேனே?"

மாமா தலையைச் சொறிந்தார். "பிடுங்கத்தான் போனேன். அம்மா விடல."

மாமாவின் அம்மா, என் அத்தை, ஒரு சாமை மூட்டையை டிக்கியில் ஏற்றிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டே வந்தார். "இன்னா தம்பி, வந்த ஜனத்துக்கெல்லாம் போதும் போதும்ங்கற வரைக்கும் போட்டு அனுப்பியிருக்கோம். உன் வண்டி மட்டும் முக்கால் வயித்தோட எழுந்திரிக்கணுமா? அதுவும் என் மருமகள ஏத்திக்கிட்டு! வழியில நின்னா யாருக்குப் பேச்சு வரும்?"

சிரித்தேன். உண்மையைச் சொன்னால் நூறைப் பார்த்ததும் என் மனசும் குளிர்ந்தது. பேட்டரி நிறைந்திருந்தால் திரும்பி வருகிற கரண்டுக்கு உள்ளே இடமில்லை, அப்போது அந்த இழுப்பு வேலை செய்யாது என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன், ஆபீஸில் நாலு பேருக்கு விளக்கியும் இருக்கிறேன். ஆனால் ஊரில் நூறு போட்டு எடுத்தால் தெருமுனை, சின்னக்கடைத் தெரு, அதற்குள் சரியாகிவிடும். சமதளத்தில் அது ஒரு விஷயமே இல்லை. மலையுச்சியில் நின்று நூறு என்றால் என்ன அர்த்தம் என்று என் தலை யோசிக்கவில்லை. சார்ஜ் குறைந்தால் பயப்படவே பழகியிருந்தது அது. நிறைந்திருந்தால் எதற்குப் பயம்?

அம்மா முன் சீட்டில். அக்கா பின் சீட்டில், முதுகுக்கு ஒரு தலையணை, பக்கத்தில் ஒரு பலாப்பழம். டிக்கியில் சாமை, புளி, சீர்த் தட்டுகள், மிச்சச் சாப்பாடு. வண்டி பின்பக்கம் அமுங்கி உட்கார்ந்திருந்தது.

மேலே கொஞ்ச தூரம் சமமான ரோடு. இரண்டு பக்கமும் சாமைக் கொல்லை, மழை விட்டு வெளுத்த வானம். சார்ஜ் தொண்ணூற்றொன்பதுக்கு வந்தது. அதற்கப்புறம் இறக்கம் ஆரம்பித்தது.

முதல் வளைவில் காலைத் தூக்கினேன். வண்டி பிடித்தது, ஆனால் அரைமனதாக. இரண்டாவது வளைவுக்குள் சார்ஜ் மறுபடியும் நூறுக்குப் போய்விட்டது. மூன்றாவது வளைவில் காலைத் தூக்கினேன். எதுவும் நடக்கவில்லை.

எப்படிச் சொல்வது? மாடிப்படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறது என்று கால் வைத்து, அங்கே படி இல்லாமல் போனால் வயிற்றுக்குள் ஒன்று விழுமே, அது. வண்டி மெதுவாகவில்லை. வேகம் எடுத்தது. பச்சைக் கோடு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. இஞ்சின் சத்தம் இல்லாத வண்டி. டயரின் உரசல் மட்டும் மேலே மேலே ஏறியது.

பிரேக்கை மிதித்தேன். மாதக்கணக்கில் வேலையே இல்லாமல், மழையில் துருப்பிடித்துக் கிடந்த பிரேக் அது. கரகரவென்று ஒரு சத்தம் போட்டுத்தான் பிடித்தது. வளைவு திரும்பினோம். விட்டதும் மறுபடி வேகம். மறுபடி மிதித்தேன்.

"டேய், மெதுவாப் போடா," என்றாள் அக்கா.

"மெதுவாத்தான் போறேன்."

"இதுவா மெதுவு?"

கண்ணாடியில் பார்த்தேன். கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை அவள் பிடித்திருந்தாள். வளையல் எல்லாம் முழங்கைக்குச் சரிந்து, ஒவ்வொரு வளைவுக்கும் ஒன்றாகக் கலகலத்தன. அன்று காலையில் அந்தச் சத்தத்துக்குத்தான் எல்லோரும் கை தட்டினார்கள். இப்போது அது என் பிடரியில் யாரோ சில்லு சில்லாக எதையோ கொட்டுவது மாதிரி இருந்தது.

பெட்ரோல் வண்டி என்றால் இரண்டாவது கியருக்கு மாற்றினால் இஞ்சினே பிடித்துக்கொள்ளும். இதில் இரண்டாவது கியர் என்று ஒன்று கிடையாது. என்னிடம் இருந்தது ஒரே ஒரு பெடல். அந்தப் பெடல் ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் கொஞ்சம் ஆழமாக இறங்கியது.

அப்புறம் வாசனை. கரிந்த ரப்பரும் இரும்பும் கலந்த ஒரு வாசனை.

கரண்டைச் செலவு பண்ணு, இடம் உண்டாகும் என்று தோன்றியது. ஏசியை முழுசாக வைத்தேன். விளக்கு, வைப்பர், பின்கண்ணாடி சூடேற்றி, என்னென்ன பட்டன் இருந்ததோ எல்லாவற்றையும் அமுக்கினேன். வைப்பர் காய்ந்த கண்ணாடியில் கிறீச் கிறீச் என்று ஆடியது. ஏசி காற்று அம்மாவின் முகத்தில் அடித்தது.

"இன்னாடா இது! கேக்கறப்பல்லாம் போடமாட்ட, இந்தக் குளிர்ல போடற!"

"அம்மா, கொஞ்சம் பேசாம இரு."

நான் அப்படிப் பேசுகிறவன் இல்லை. அம்மா என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். டாஷ்போர்டில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டாள், வண்டியைத் தானே பிடித்து நிறுத்துகிறவள் மாதிரி.

ஏசியும் விளக்கும் எவ்வளவு குடிக்கும்? மலை கொடுப்பதற்கு முன்னால் அது ஒரு வாய்த் தண்ணீர். நூறு அசையவில்லை. எதிரே கீழ் வளைவில் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. இன்னும் தெரியவில்லை, ஆனால் ஏறி வருகிறது. வலப்பக்கம் பள்ளம், மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. பெடல் அடியைத் தொடப் போகிறது. இந்த வளைவில் பிடிக்கும். அடுத்ததில்?

அப்போது இடப்பக்கம் ஒரு மண்தடம் மேலே ஏறிப் போவதைப் பார்த்தேன். ஏதோ கொல்லைக்கு டிராக்டர் போகிற வழி. அது மேலே ஏறியது என்பது மட்டுமே எனக்குத் தெரிந்தது. திருப்பினேன்.

ரோட்டுக்கும் தடத்துக்கும் நடுவே மழை அரித்த ஒரு பள்ளம் இருந்தது. வண்டி அதில் இறங்கி ஏறியது. ஒரே ஒரு தூக்கு. பலாப்பழம் உருண்டு விழுந்தது. "அம்மா!" என்றாள் அக்கா.

ஏற்றத்தில் வண்டி தானாகத் தளர்ந்து நின்றது. கைபிரேக்கை இழுத்தேன். இறங்கி ஓடி, ஒரு கல்லைத் தூக்கிப் பின்சக்கரத்துக்கு அடியில் போட்டேன். அப்புறம்தான் பின் கதவைத் திறக்கத் துணிச்சல் வந்தது. அந்த நாலு எட்டு நடப்பதற்குள் நான் நினைத்ததையெல்லாம் இங்கே எழுதமாட்டேன்.

அக்கா வயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"வலிக்குதாக்கா?"

"இல்ல. தூக்கிப் போட்டுச்சு, அவ்வளவுதான்." மூச்சு வாங்கினாள். "நீ ஏன்டா அழற?"

"நான் அழல."

முன் சக்கரங்களிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு ஓடினாள்.

"ஊத்தாதமா! சூட்டுல தண்ணி பட்டா பிரேக் டிஸ்க் விரிசல் விட்டுடும்!"

"பத்திக்கப் போவுதுடா!"

"பத்தாது. தானா ஆறட்டும்."

அந்தப் பஸ் எங்களைக் கடந்து மேலே போனது. ஜன்னலோரத் தலைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. போனை எடுத்தேன், சிக்னல் இல்லை. கீழே இறங்குகிற அடுத்த பஸ் எப்போது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது.

பிரேக் ஆறினாலும் இதே வண்டி, இதே நூறு. ஆறியதும் இறங்கினால் மறுபடி அதே கதைதான். கரண்ட் குறைய வேண்டும். குறைய ஒரே வழி, ஏற்றம். வந்த வழியே மேலே ஏற வேண்டும். எவ்வளவு தூரம் ஏறுகிறேனோ அவ்வளவு இடம் பேட்டரியில் உண்டாகும்.

இதை அம்மாவிடம் சொன்னேன்.

"மேலயா? திரும்பியா?" அம்மாவின் குரல் இறங்கியது. "வளைகாப்பு முடிஞ்சு பொறந்த வீட்டுக்குன்னு கிளம்பினவ. நடுவழியில திரும்பக் கூடாதுடா. ஏற்கெனவே ஒரு தடவ..." அதற்கு மேல் சொல்லவில்லை.

எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனால் அந்த இடத்தில், அந்தப் புகை வாசனையில், அம்மா சொன்னதைத் தள்ள முடியவில்லை. நான் பேட்டரியைப் பற்றிச் சொன்னது எவ்வளவு உண்மையோ அதுவும் அவ்வளவு உண்மை மாதிரி இருந்தது.

அக்காதான் தீர்த்துவைத்தாள். "நான் எதுக்குத் திரும்பணும்? நான் இங்க இறங்கி உக்காந்துக்கறேன். வண்டிதானே மேல போகணும்? அதுக்கு இன்னா வளைகாப்பா நடந்துச்சு?"

அம்மா பின் கதவுக்கு வந்து அவளைக் கைப்பிடித்து இறக்கினாள்.

சாமை மூட்டையை இறக்கி ஒரு புளிய மரத்தடியில் போட்டேன். அக்கா தலையணையை முதுகுக்கு வைத்து மூட்டையின்மேல் உட்கார்ந்தாள். இரண்டு பேரையும் அந்த வளைவில் விட்டுவிட்டுப் போக எனக்குக் கால் வரவில்லை. கூட்டிக்கொண்டு போகவும் தைரியமில்லை. இறங்கும்போது பிடிக்காவிட்டால் நான் மட்டும் இருக்கும் வண்டியாகவே அது இருக்கட்டும். இதை நான் சொல்லவில்லை. அம்மா புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். "பாத்துடா," என்று என் சட்டையின் பின்பக்கத்தை ஒருதடவை பிடித்துவிட்டு விட்டாள்.

சக்கரத்தின் சூடு அடங்கியதும் எடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் கரண்டை வீணடிக்க வண்டி ஓட்டினேன். ஏசி முழுசாக. ஜன்னல் திறந்து. ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி. இத்தனை மாதமாக நான் குழந்தை மாதிரி வளர்த்த அந்த மைலேஜ் எண் பாதாளத்துக்கு விழுந்தது. விழ விழ எனக்கு மூச்சு வந்தது. விழு, இன்னும் விழு என்று வாய்விட்டே சொன்னேன்.

ரோடு அகலமான ஓரிடத்தில் திருப்பினேன். இறக்கத்தில் காலைத் தூக்கினேன். பச்சைக் கோடு ஒரு விரல்நகம் அளவுக்குத் தெரிந்தது. போதாது. மறுபடி திரும்பி இன்னும் மேலே ஏறினேன், மலையின் தலை வரைக்கும், சாமைக் கொல்லைகள் கண்ணில் படும் வரைக்கும். ஏறும்போது ஒரு பஸ் எதிரே கீழே இறங்கிப் போனது. ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காததால் அதை நான் சரியாகப் பார்க்கவில்லை.

இந்தத் தடவை திரும்பி வளைவில் காலைத் தூக்கியதும் வண்டி இழுத்துப் பிடித்தது. பின்னாலிருந்து யாரோ இடுப்பைப் பிடித்துக்கொண்ட மாதிரி. பச்சைக் கோடு நீண்டது. பிரேக்கையும் தொட்டுப் பார்த்தேன். பெடல் மேலேயே நின்றது. ஒவ்வொரு வளைவிலும் சோதித்துக்கொண்டே புளிய மரத்துக்கு வந்தேன்.

மூட்டை இருந்தது. தலையணை இருந்தது. அவர்கள் இரண்டு பேரும் இல்லை.

வண்டியை நடுரோட்டில் விட்டு இறங்கினேன். "அம்மா!" என்று கத்தினேன். மலை அதைத் திருப்பிக் கத்தியது. "அக்கா!" பஸ். அந்தப் பஸ்ஸில் ஏறியிருப்பார்கள். ஏன் ஏறினார்கள்? தலையணையைக் கூட எடுக்காமல் போகிற அவசரம் என்றால் என்ன அவசரம்? வலி எடுத்திருக்க வேண்டும். நான் மேலே ஏசி போட்டு விளையாடிக்கொண்டிருந்த நேரத்தில். மூட்டையைச் சுற்றிலும் தரையைப் பார்த்தேன், ஈரம் ஏதாவது இருக்கிறதா என்று. என்ன தேடுகிறேன் என்பது எனக்கே தெரிந்தபோது அந்த மூட்டையின்மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன்டா ஊரைக் கூட்டற?"

பாறைக்குப் பின்னாலிருந்து அம்மா. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு, அக்கா.

"ஒம்பது மாசத்துக்காரிக்கு ஒண்ணுக்கு வராதா? ரோட்டுல உக்காரச் சொல்றியா?"

எனக்குச் சிரிக்க வரவில்லை. அக்காவுக்கு வந்தது. கொஞ்சம் சிரித்து, உடனே நிறுத்தி, வயிற்றில் கை வைத்தாள். அந்தக் கையை நான் பார்த்தேன்.

இறங்கினோம். மாட்டுவண்டி வேகம். பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்து, முந்தும்போது டிரைவர் தலையை நீட்டி, "சார், தூக்கம் வந்தா ஓரம் கட்டிப் படுங்க!" என்றார். படுத்துக்கொள்கிறேன் அண்ணா, முதலில் கீழே இறங்கிவிடுகிறேன் என்று மனசுக்குள் சொன்னேன். ஒவ்வொரு வளைவிலும் வண்டி பிடித்தது. ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் பிடிக்காது என்று உடம்பு நம்பியது.

அடிவாரம் வந்து ரோடு நேரானதும் அக்கா சொன்னாள்: "அம்மா, பள்ளத்துல தூக்கிப் போட்டதிலருந்து வயிறு கல்லு மாதிரி இருக்கு. விட்டு விட்டு இறுக்குது."

அம்மா திரும்பி, கையை நீட்டி, அவள் வயிற்றில் வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்தபடியே இருந்தாள். "முன்னயே ஏன்டி சொல்லல?"

"அவன் ஓட்டணுமே மா."

போளூரில் யாரிடமாவது காட்டலாமா என்றேன். நம்ம டாக்டரம்மாகிட்டயே போயிடுடா, அவங்களுக்குத்தான் இவ உடம்பு தெரியும் என்றாள் அம்மா. போனேன். திரையை நான் பார்க்கவில்லை. எத்தனை கிலோமீட்டர், எத்தனை யூனிட், எதுவும் தெரியாது. அக்கா வேண்டும் என்று கேட்ட இடத்தில் ஏசி போட்டேன், வேண்டாம் என்ற இடத்தில் நிறுத்தினேன். அண்ணாமலை தூரத்தில் தெரிந்தபோது அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் ஸ்டியரிங்கை விடாமல் கண்ணால் கும்பிட்டேன்.

டாக்டரம்மா உள்ளே படுக்க வைத்தார். நான் திரைச்சீலைக்கு வெளியே நின்றேன்.

"எதுல வந்தீங்க?" என்று டாக்டரம்மா கேட்டது காதில் விழுந்தது.

"தம்பி கார்ல தான் டாக்டர். கொஞ்சங்கூட குலுங்கல," என்றாள் அக்கா.

"பள்ளத்துல இறங்கிடுச்சு டாக்டர். நல்லாத் தூக்கிப் போட்டுச்சு," என்றாள் அம்மா.

அப்புறம் ஒரு கருவியின் கரகரப்பு. வயிற்றில் வைத்துத் தேடுகிறார்கள். காற்று இரைவது மாதிரி ஒரு சத்தம், நகர்த்துகிறார்கள், மறுபடி இரைச்சல். நர்ஸ் ஜன்னலைச் சாத்தினார். அக்காவின் வளையல்கூடப் பேசவில்லை. நான் திரைச்சீலையின் விளிம்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தேன்.

வந்தது. தடதடவென்று, மூச்சிரைக்க ஓடுகிற மாதிரி.

"ஏன் டாக்டர் இவ்வளவு வேகம்? பயந்துடுச்சா?" திரைக்கு வெளியிலிருந்தே கேட்டுவிட்டேன்.

"யாருப்பா அது? எல்லாக் குழந்தைக்கும் இப்படித்தான் அடிக்கும். நீதான் பயந்திருக்க. போய் தண்ணி குடி."

ராத்திரி வரைக்கும் படுக்க வைத்தார்கள். இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. இது பிரசவ வலி இல்லை, ஆனால் இனி பிரசவம் வரைக்கும் படி தாண்டக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

வாசலில் நான் ஆட்டோவைக் கை தட்டிக் கூப்பிட்டேன். "நீங்க இதுல போங்க. நான் வண்டிய நாளைக்கு எடுத்துக்கறேன்."

அக்கா ஆட்டோவையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "ஆட்டோ குலுங்கும்டா. போய் வண்டிய எடு."

"வேணாங்கா."

"எடுங்கறேன்ல."

எடுத்தேன். ஊருக்குள் சமதளம்தான், கொஞ்ச தூரம்தான். கிரிவலம் முடித்துக் களைத்து நடக்கிறவர்கள்கூட எங்களை முந்திப் போனார்கள். பெரிய தெரு திரும்புகிற இடத்தில் பின்னாலிருந்து அக்கா, "உதைக்குதுடா," என்றாள்.

நடுரோட்டில் நிறுத்திவிட்டேன். பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் ஆட்டோக்கள், எல்லாம் ஹாரன் அடித்தன.

"ஏன்டா நிறுத்தின? நல்லதுதானே சொன்னேன்!"

"தெரியலக்கா," என்றேன். "இன்னொரு தடவ உதைக்கட்டும், போலாம்."